பூவராகவன் காலில் வந்த வலி

சின்னக் காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் வீதிக்குப் புறப்படும் நாட்களில் அவரைத் தோளில் தூக்கிச் செல்பவர்களை ஸ்ரீபாதம் தாங்கிகள் என்பார்கள். பூவராகவன் அவர்களில் ஒருவர். மீசை அரும்பிய வயதில் பல்லக்குத் தண்டுக்குக் கீழே தோளைக் கொடுத்தவர், நாற்பதைத் தாண்டியும் அந்த இடத்தை விடவில்லை. மற்ற நாட்களில் அவருக்குத் தொழில் பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீர்ந்துபோனால், புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழையோடு சேர்த்து முறுக்கி ஒட்டவேண்டும். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு காலையில் தறிக்கு முன்னால் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பார். பட்டு இழை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்.

இரண்டு வேலையிலும் உடம்பு ஓரிடத்தில் இருக்க, மனம் வேறெங்கோ போய்விடும். அதனால்தானோ என்னவோ, அவரிடம் எதையாவது சொன்னால் பாதிதான் உள்ளே போகும். மீதி வெளியே நின்றுவிடும். மனைவி இந்திராணிக்கு இது பழகிப்போயிருந்தது. முக்கியமான விஷயமானால் அவர் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சொல்வாள்.

"தோள்ல தண்டு ஏறிச்சுன்னா நான் எங்கியோ பூடறேன்மா" என்று அவளிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். "கால் தானா போய்க்கினு இருக்கும். துளசி வாசன வரும், தூரத்துல நாயனம் கேக்கும். தெருவே ஆறு மாதிரி ஓடற மாதிரி இருக்கும்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில் அவருடைய அக்காவுக்கு ஒரு ஆபரேஷன். ரத்தம் வேண்டும் என்றார்கள். பூவராகவன் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் வந்து அவரைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"உங்க ரத்தத்துல ஹெபடைட்டிஸ் பி கிருமி இருக்குதுங்க. இத யாருக்கும் ஏத்த முடியாது. நீங்க ஈரலுக்குன்னு இருக்கற டாக்டர போய்ப் பாருங்க."

அவருக்குக் காய்ச்சல் இல்லை, மஞ்சள் இல்லை, சாப்பாடு இறங்காமல் இல்லை. அந்த மாதம்தான் பெருமாளைச் சுமந்து ஊரைச் சுற்றி வந்திருந்தார். தன் உடம்புக்குள் தனக்குத் தெரியாமல் யாரோ குடியிருப்பதுபோல அவருக்கு இருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

இந்திராணிக்கும் மகள் சங்கீதாவுக்கும் ரத்தம் பார்த்தார்கள். இருவருக்கும் இல்லை. இரண்டு பேருக்கும் தடுப்பூசி போட்டாயிற்று. சேர்ந்து சாப்பிடுவதாலோ, தொடுவதாலோ, வேர்வையாலோ இது ஒட்டாது, ரத்தத்தாலும் உடலுறவாலும்தான் ஒட்டும், சவரக் கத்தியை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் கோயிலில் யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. தண்டின் கீழே ஒருவர் தோள் இன்னொருவர் தோளில் உரசும். ஒரே சொம்பில் எல்லாரும் தண்ணீர் குடிப்பார்கள். தெரிந்தால் பக்கத்தில் யார் நிற்பார்கள் என்ற பயம்.

அந்த டாக்டர் பெயர் தனசேகரன். சென்னையில் இருந்தார். இரண்டு வருடம் சும்மா பார்த்துக்கொண்டு வந்தவர், ஈரல் கொஞ்சம் கெட ஆரம்பித்ததும் லாமிவுடின் என்ற மாத்திரையைக் கொடுத்தார். தினம் ஒன்று. கிருமி அடங்கியது. ஆனால் மூன்று நான்கு வருடத்தில் அந்தக் கிருமி மாத்திரைக்குப் பழகிக்கொண்டு மறுபடி தலை தூக்கியது. அது இரண்டாயிரத்து நான்கு. அப்போதுதான் அடிஃபோவிர் என்ற புது மாத்திரை எட்டும் விலையில் வந்திருந்தது.

டாக்டருடைய அறை இரண்டாம் மாடியில். ஜன்னலை ஒட்டி ஒரு தூங்குமூஞ்சி மரம். "இது ஈரலுக்கு நல்ல மருந்து, பூவராகவன்" என்றார் தனசேகரன். "வருஷக்கணக்குல சாப்பிடவேண்டியிருக்கும். ஆனா கிட்னியப் பார்த்துக்கணும். மூணு மாசத்துக்கு ஒருதரம் கிட்னிக்கு ரத்தமும் யூரினும் டெஸ்ட் பண்ணி எங்கிட்ட காட்டணும். விடக் கூடாது."

அந்த நேரம் மரத்திலிருந்து இளஞ்சிவப்புப் பூ ஒன்று பஞ்சுபோல மிதந்து உள்ளே வந்து மேசையில் விழுந்தது. பூவராகவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்திராணி அன்று வரவில்லை. ஈரலுக்கு நல்ல மருந்து என்பது அவருக்குக் கேட்டது. அதற்குப் பிறகு சொன்னது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை.

முதல் வருடம் டாக்டர் எழுதிக் கொடுத்த டெஸ்ட்களை எல்லாம் செய்தார். எல்லாமே சரியாக இருந்தன. பிறகு சென்னைக்குப் போய் வருவது குறைந்தது. ஒரு நாள் வேலை போகிறது, உடம்போ நன்றாக இருக்கிறது. பழைய சீட்டைக் காட்டினாலே காஞ்சிபுரத்தில் மருந்துக் கடையில் மாத்திரை கிடைத்தது. ஈரலுக்கு மட்டும் அவ்வப்போது ஊரிலேயே ரத்தம் பார்த்துக்கொள்வார். அது நன்றாக இருக்கும். அதோடு திருப்திப்பட்டுக்கொள்வார். மாத்திரையை மட்டும் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

வலி எப்போது தொடங்கியது என்று அவரால் சொல்ல முடியவில்லை. பனி இறங்குவதுபோல அது சத்தமில்லாமல் வந்தது. முதலில் பாதத்தில். பிறகு இடுப்பில். விலாவில் யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல. பாவுக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது தரையில் கை ஊன்றவேண்டியிருந்தது. மாடிப்படி ஏறத் தொடையில் வலுவில்லை. ராத்திரியில் இரண்டு மூன்று தரம் ஒன்றுக்குப் போக எழுந்தார்.

தண்டில் அவருக்குப் பின்னால் நிற்பவர் கண்ணாயிரம். வயதில் இரண்டு வருடம் இளையவர்.

"இன்னா அண்ணே, வாத்து மாதிரி நடக்கறே?"

"இத்தினி வருஷம் தூக்கனது. எலும்பு தேயாம இன்னா பண்ணும்?"

கண்ணாயிரத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கற்பூரத் தைலம் கொண்டுவந்து அவரே காலில் தேய்த்துவிட்டார். பூவராகவனுக்கு அந்த வலியில் ஒருவிதப் பெருமைகூட இருந்தது. பெருமாள் தன் கனத்தை அவர் எலும்பில் எழுதி வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டார். வலிக்கும் இடத்தை மெதுவாகத் தடவிக்கொண்டே தூங்கிப்போவார்.

இரண்டாயிரத்து எட்டு, மாட்டுப் பொங்கல். அன்றைக்கு வரதர் பார்வேட்டை என்கிற வேட்டை உற்சவத்துக்கு எழுந்தருளுவார். ஊர் ஊராக நின்று, பழைய சீவரம் மலைக்குப் போய், அங்கிருந்து பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்குப் போவது வழக்கம். மூன்று ஆறுகள் சேரும் இடம் அது. வெயில் சாய்கிற நேரத்தில் பல்லக்கு ஆற்றுக்குள் இறங்கியது. மணல் முழுக்க ஜனங்கள். கரும்பு, பலூன், குழந்தைகளின் அழுகை. தண்ணீர் ஒரு ஓரமாக மெல்லியதாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் விழுந்த ஆரஞ்சு வெளிச்சம் அசையும்போது ஆறு மூச்சு விடுவதுபோல இருந்தது.

மணலில் கால் புதையும். ஒவ்வொரு அடியையும் பிடுங்கி வைக்கவேண்டும். பூவராகவன் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நடந்தார். நாயனம் எங்கோ அடிவானத்திலிருந்து வருவதுபோலக் கேட்டது. வலியும் எங்கோ தூரத்தில் இருந்தது. அப்போது வலது பாதத்தில், ஈரக் குச்சி ஒடிவதுபோல, அவருக்கு மட்டும் கேட்கும்படி ஏதோ ஒடிந்தது.

அவர் விழவில்லை. தண்டை விடவுமில்லை. "கண்ணாயிரம், நீ வா" என்று மட்டும் சொன்னார். குரலை வைத்தே கண்ணாயிரம் புரிந்துகொண்டு முன்னால் வந்து தோளைக் கொடுத்தார். பூவராகவன் மெல்ல ஒதுங்கி, ஜனங்களுக்கு நடுவே மணலில் உட்கார்ந்தார். பெருமாள் அவரை விட்டுவிட்டு அக்கரைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

காஞ்சிபுரத்தில் எலும்பு டாக்டர் ஒருவர் படம் எடுத்துப் பார்த்தார். பாதத்து எலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். நீண்ட நாள் சுமை தூக்கியதால் வந்தது என்று கட்டுப் போட்டு, வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது, அந்த நோயின் பெயரை அங்கே சொல்லக் கூச்சப்பட்டு, "ஒண்ணும் இல்ல சார்" என்றார் பூவராகவன். வலி மாத்திரையை ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிட்டார். கால் ஆறவில்லை. உடம்பு இன்னும் தளர்ந்தது. பகலிலும் தூக்கம் கண்ணைச் செருகியது. வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல அவருக்குத் தெரிந்தார்கள்.

எலும்பு டாக்டர் சொல்லி யூரின் டெஸ்ட் எடுத்தபோது அதில் சர்க்கரை இருந்தது. வீடு முழுக்க அதுதான் பேச்சு. சர்க்கரை வியாதி வந்துவிட்டது, அதனால்தான் கால் ஆறவில்லை, ராத்திரி எழுந்திருப்பதும் அதனால்தான் என்று எல்லாம் பொருந்தியது. இந்திராணி அவர் காபியில் சர்க்கரையை நிறுத்தினாள். தெரிந்தவர்கள் கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கலைக்கூட அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு மகளிடம் கொடுத்துவிடுவார்.

ஆனால் ஊசி குத்தி ரத்தத்தில் பார்த்தால் சர்க்கரை இல்லை. சாப்பிடுவதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. லேப்பில் தப்பாக எழுதிவிட்டார்கள் என்றார்கள். மறுபடி பார்த்தார்கள். மறுபடியும் அப்படியே வந்தது.

இந்திராணிக்கு இது உறுத்தியது. ஒரு நாள் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏங்க, அந்த மெட்ராஸ் டாக்டர நீங்க பார்த்து எத்தினி வருஷம் ஆவுது?"

அவர் யோசித்தார். "மாத்திர சாப்பிட்டுக்கினுதான இருக்கறேன்."

"மாத்திர கேக்கல. டாக்டர கேக்கறேன்."

மறுநாளே ஒரு கார் பிடித்துச் சென்னைக்குக் கூட்டிப் போனாள்.

தனசேகரன் ரிப்போர்ட்களை எல்லாம் வாங்கிப் பரப்பி வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு பூவராகவனை எழுந்து நிற்கச் சொன்னார். நாற்காலியின் கையைப் பிடிக்காமல் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அன்றைக்கே ரத்தம், யூரின் எல்லாம் எடுத்தார்கள். சாயங்காலம் ரிசல்ட் வந்ததும் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"உங்களுக்குச் சர்க்கரை வியாதி இல்ல" என்றார். "ரத்தத்துல சர்க்கரை சரியா இருக்கு. ஆனா யூரின்ல வருது. அப்படின்னா கிட்னி ஒழுகிக்கிட்டிருக்கு. உடம்புக்கு வேணும்னு திரும்ப எடுத்து வைக்கவேண்டியதை எல்லாம் எடுத்து வைக்காம வெளிய விட்டுடுது. சர்க்கரையும் போகுது, பாஸ்பேட்டும் போகுது. பாஸ்பேட் இல்லன்னா எலும்பு மெத்துனு ஆயிடும். நடந்தாலே விரிசல் விடும்."

"பெருமாள தூக்கனதால இல்லீங்களா?" என்று பூவராகவன் கேட்டார். குரல் சின்னதாக இருந்தது.

"இல்ல. அடிஃபோவிர். எல்லாருக்கும் இப்படி ஆகாது, சில பேருக்குத்தான் ஆகும். வருஷக்கணக்குல சாப்பிடும்போது கிட்னியோட சின்னக் குழாய்களைக் கெடுத்துடும். அதுக்குத்தான் மூணு மாசத்துக்கு ஒருதரம் பாக்கணும்னு சொன்னது. பத்தாததுக்கு வலி மாத்திரையும் சாப்பிட்டிருக்கீங்க. அது கிட்னியை இன்னும் அழுத்தியிருக்கு."

பூவராகவன் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. டாக்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முதலில் வந்தது பயம் இல்லை, வருத்தம். இத்தனை காலமாகப் பெருமாள் கொடுத்தது என்று பத்திரமாக வைத்திருந்த வலி, பெருமாள் கொடுத்ததில்லை என்று ஆகிவிட்டது.

"அப்போ இன்னிக்கே நிறுத்திடறேன் சார்."

"அதைத்தான் பண்ணக் கூடாது" என்றார் தனசேகரன். "நீங்களா எல்லாத்தையும் நிறுத்தினா அடங்கிக் கிடக்கிற கிருமி ஒரேயடியா கிளம்பும். ஈரல் தாங்காது. வேற மருந்து இருக்கு, என்டெகாவிர்னு. உங்களுக்கு முன்னாடி லாமிவுடினுக்கு கிருமி பழகிப்போனதால, இத கொஞ்சம் அதிக அளவுல தரணும், வேலை செய்யுதான்னு அடிக்கடி பார்க்கணும். அடிஃபோவிரை விட்ட மறுநாளே இதை ஆரம்பிச்சிடணும். நடுவுல ஒரு நாள்கூட விடாதீங்க."

பிறகு இந்திராணியைப் பார்த்து, "இவர் டெஸ்டுக்கு வராம நின்னப்போ நான் ஆள் விட்டாவது கேட்டிருக்கணும்மா. கூட்டத்துல விட்டுப்போச்சு" என்றார்.

"இனிமே நான் கூட்டிக்கினு வரேன் சார். நீங்க எங்கிட்ட சொல்லுங்க" என்றாள் அவள்.

உப்புக் கரிக்கும் பாஸ்பேட் தண்ணீரை நாளுக்குப் பல தரம் குடிக்கவேண்டியிருந்தது. வைட்டமின் மாத்திரை வேறு. வலி மாத்திரையை அடியோடு நிறுத்தினார்கள். இனி எந்த டாக்டரிடம் போனாலும் இன்ன நோய், இன்ன மருந்து என்று மறைக்காமல் சொல்லவேண்டும் என்று இந்திராணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சில வாரங்களில் விலாவில் அழுத்திய கட்டைவிரல் எடுபட்டது. தொடைக்கு வலு வந்தது. பனி விலகுவதுபோல, வந்த மாதிரியே சத்தமில்லாமல் வலி போய்க்கொண்டிருந்தது.

கண்ணாயிரம் ஒருநாள் பார்க்க வந்தார். தின்பண்டமும் தைலமும் கொண்டுவந்திருந்தார். "எப்போ அண்ணே வர்ற? உன் எடத்துல யாரு நின்னாலும் நடை ஒத்து வர்ல" என்றார்.

மறைக்கக் கூடாது என்று இந்திராணி சொன்னது டாக்டர்களைப் பற்றித்தான். ஆனாலும் பூவராகவன் அவரிடமும் சொன்னார். ரத்தம் கொடுக்கப்போனதில் தொடங்கி, கிருமியின் பெயர், மாத்திரை, கிட்னி எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது கண்ணாயிரத்தின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தக் கை நகர்ந்து போகிறதா என்று. அது தைலப் புட்டியைப் பிடித்தபடி அங்கேயே இருந்தது.

"பத்து வருஷமாவா?" என்றார் கண்ணாயிரம்.

"ஆமாபா."

"பத்து வருஷமா பக்கத்துல நிக்கறேன். எனக்கு சொல்லணும்னு தோணலியே உனக்கு."

"நீ தள்ளி நின்னுடுவியோன்னு."

கண்ணாயிரம் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். "தள்ளி நின்னா தண்டு சாஞ்சிடும் அண்ணே. எப்டி தள்ளி நிக்கறது" என்றார். கோபம் இன்னும் குரலில் இருந்தது. அடுத்த வாரமே அவரும் ரத்தம் பார்த்துக்கொண்டார். இல்லை என்று வந்தது. தடுப்பூசி போட்டுக்கொண்டார். ஸ்ரீபாதம் தாங்கிகளில் இன்னும் நாலைந்து பேரைக் கூட்டிப்போய்ப் போடவைத்தார். யாருக்காக என்று அவர் சொல்லவில்லை. சிலருக்குத் தெரிந்திருக்கலாம். ஒருவர் மட்டும் அதற்குப் பிறகு பூவராகவன் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை.

வைகாசியில் கருட சேவை வந்தது. அந்த வருடம் எந்தச் சுமையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விடிகிற நேரத்தில் ஒரு கைத்தடியை ஊன்றிக்கொண்டு, இந்திராணியோடு தெரு ஓரத்தில் ஒரு கடையின் படியில் ஏறி நின்றார். வெளியூர் ஜனங்கள் தெருவை அடைத்துக்கொண்டிருந்தார்கள். வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது. முதலில் குடைகள் தெரிந்தன. பிறகு கருடனின் இறக்கைகள். அதன்மேல் வரதர்.

இத்தனை வருடம் அவர் பார்த்ததெல்லாம் முன்னால் போகிறவரின் கழுத்தும் வேர்வை வழியும் முதுகும்தான். பெருமாள் வருவதை அவர் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார். கீழே அத்தனை பேர் மூச்சுவாங்கிக்கொண்டு தூக்கி வருவது ஜனக்கூட்டத்தில் தெரியவே இல்லை. தலைகளுக்கு மேலே, காற்றில், யாருடைய தோளும் இல்லாமல் அந்தப் பறவை தானே மிதந்து வந்தது. கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது. பெருமாளின் மாலை இடமும் வலமுமாக அசைந்தது. விளக்கு வெளிச்சத்தில் முகம் ஒருமுறை ஒளிர்ந்து, ஒருமுறை நிழலுக்குள் போய், மறுபடி ஒளிர்ந்தது.

"இப்டியா இருக்கும்?" என்றார் பூவராகவன்.

"எப்பவும் இப்டிதான் இருக்கும்" என்றாள் இந்திராணி. "நான் வருஷா வருஷம் இங்கதான நின்னு பாக்கறேன்."

வாகனம் அவர்களைக் கடந்து போனது. கீழே, கால்களுக்கு நடுவே, கண்ணாயிரத்தின் முகம் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. கண் பாதி மூடியிருந்தது.

அடுத்த வருடம் அவர் மறுபடி தோள் கொடுத்தார். சின்னப் புறப்பாடுகளுக்கு மட்டும், நான்கு மாட வீதிக்குள் மட்டும். ஆற்று மணலுக்கு அவரை இந்திராணியும் விடவில்லை, கண்ணாயிரமும் விடவில்லை. யூரினில் சர்க்கரை நின்றுபோயிருந்தது. பாஸ்பேட் தண்ணீரும் ஒருநாள் தேவைப்படாமல் போனது. கிருமி அடங்கியே இருந்தது. கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு மட்டும் முன்பு இருந்த இடத்துக்குத் திரும்பவில்லை. கொஞ்சம் மேலேயே நின்றுகொண்டது. "அது இனி அங்கதான் இருக்கும். அதுக்கு மேல ஏறாம பார்த்துக்கலாம்" என்றார் தனசேகரன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இருவரும் காலை ரயிலில் சென்னைக்குப் போவார்கள். ரத்தமும் யூரினும் கொடுத்துவிட்டால் ரிசல்ட் வரச் சாயங்காலம் ஆகும். முதல் இரண்டு தடவை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒருநாள் இந்திராணிதான் கேட்டாள், இங்கிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று. அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. பையில் கட்டுச் சோறு, ஒரு பழைய புடவை. மணலில் விரித்து உட்கார்ந்துகொள்வார்கள்.

அவள் புடவையைக் கணுக்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்பாள். தண்ணீர் பின்வாங்கும்போது காலடி மண் சரியும். அவள் சிரித்துக்கொண்டே தடுமாறுவாள். அவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டாள் ஒருநாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து போனார்.